சிட்-அப் மட்டும் போட்டால் தொப்பை குறையுமா, நடையும் சேர்க்கணுமா?

கேள்வி — 6 ஜனவரி 2024

வயது 38, ஊர் கரூர், உட்கார்ந்த வேலை. ரெண்டு மாசமா தினமும் காலையில எழுந்ததும் 60 சிட்-அப், 30 லெக் ரைஸ். வயிறு உள்ளுக்குள்ள இறுகுற மாதிரி இருக்கு, ஆனா வெளியே தொப்பை அப்படியே நிக்குது. ஜிம்ல ஒருத்தர் "வயித்துப் பயிற்சியை டபுள் பண்ணு"ங்கிறார். இன்னொருத்தர் "அதை விட்டுட்டு ஓடு"ங்கிறார். ரெண்டையும் சேர்த்துச் செய்யணுமா? எதை முதல்ல செய்யணும்? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

7 ஜனவரி 2024, இரவு

தம்பி, நான் மதுரையில் தையல்கடை வைத்திருப்பவன். வயது 46. 24 வருஷமாக ஆண்களின் இடுப்பில் டேப் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இப்போது செய்வதைப் போன வருஷம் நானும் செய்தேன்.

2023 ஆடி மாதம். கடையில் வேலை கம்மி. தினம் 100 சிட்-அப் என்று 40 நாள் விடாமல் போட்டேன். கட்டிலுக்கு அடியில் பாதத்தைக் கொடுத்துக்கொண்டு, கழுத்துக்குப் பின்னால் கையைக் கோத்துக்கொண்டு எழுந்திருப்பேன். ஆரம்பித்த அன்று 39½ இஞ்ச். 40-வது நாளும் 39½. ஒரு நூல்கூட இறங்கவில்லை. கூடவே இடுப்புவலி வந்தது. வெட்டுமேஜையில் குனிந்து துணி வெட்ட முடியாமல் மூன்று நாள் கடைப் பையனை வைத்து வெட்டினேன்.

அதனால் என் பதில்: வயிற்றுப் பயிற்சி நேர விரயம். நடங்கள்.

8 ஜனவரி 2024

"நேர விரயம் என்று ஒரே போடாகப் போட்டால் எப்படி, காரணம் சொல்லுங்கள்" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். நியாயம். என் மகள் பிசியோதெரபி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நேற்று ராத்திரி அவளை உட்கார வைத்துக் கேட்டேன்.

2011-ல் வந்த ஓர் ஆய்வில் 24 பேர். ஒரு பிரிவுக்கு ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு விதமான வயிற்றுப் பயிற்சி. முடிவில் தொடர்ந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பது கூடியிருக்கிறது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. 1984-ல் இன்னும் கடுமையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 27 நாளில் ஓர் ஆளுக்கு 5,004 சிட்-அப். முன்னும் பின்னும் வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடத்திலும் ஊசி விட்டுக் கொழுப்பு எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பணு சுருங்கியது உண்மை. ஆனால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரிதான் சுருங்கியது, வயிற்றில் மட்டும் தனியாக எதுவும் நடக்கவில்லை.

தசை உள்ளே இருக்கிறது, கொழுப்பு அதன் மேலே கிடக்கிறது. பலகையை இழைத்தால் அதன்மேல் போட்ட மெத்தை மெலியாது. உடம்புக்குச் சக்தி தேவைப்படும்போது எல்லா இடத்துக் கொழுப்பும் கரைந்து ரத்தத்தில் கலந்துதான் தசைக்குப் போகிறது. பக்கத்தில் இருக்கும் கொழுப்பைத் தசை நேராக எடுத்துத் தின்பதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 100 சிட்-அப் ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். செலவாவது 30, 40 கலோரி. என் எடைக்கு ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 300 கலோரி சுமாராகப் போகும்.

10 ஜனவரி 2024

கரூர் தம்பி "இடுப்பு 34 தாங்க" என்று எழுதியிருக்கிறார். எங்கே அளந்தீர்கள் என்று கேட்டேன். "பேண்ட் சைஸ்" என்கிறார். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

தொப்பை உள்ளவர் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுவார். அங்கே இடுப்பெலும்பு இருக்கிறது, அது பெருக்காது. 28 வயதில் 34 போட்டவர் 45-லும் 34 போடுவார், வயிறு மட்டும் பெல்ட்டுக்கு மேலே வெளியே வந்து தொங்கும். நான் அளவு எடுக்கும்போது பெல்ட் இருக்கும் இடத்தில் 34, தொப்புளில் 39 வருகிற ஆட்கள் வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். இவர்களுக்கு முன்பக்கத்தை இறக்கி, பின்பக்கத்தை ஏற்றித்தான் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் உட்காரும்போது பேண்ட் நழுவும்.

சரியான இடம் இது: விலாவின் கடைசி எலும்பை விரலால் தேடுங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப். சட்டை இல்லாமல், நேராக நின்று, சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் பார்க்க வேண்டும். டேப் தோலைத் தொடணும், அழுத்தக் கூடாது. பின்பக்கம் டேப் கீழே சரிந்துவிடும், யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. அளவு கொடுக்க நிற்கிற எல்லோரும் டேப்பைப் பார்த்ததும் எக்குவார்கள். நான் ஏதாவது பேச்சுக் கொடுத்து, அவர் பதில் சொல்லி மூச்சு விடும்போதுதான் எண்ணைப் பார்ப்பேன்.

நம் ஆட்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இஞ்ச்சில் முப்பத்தஞ்சரைக்குக் கொஞ்சம் உள்ளே, முப்பத்தொன்றரை. வெள்ளைக்கார ஆண்களுக்கு 94 சென்டிமீட்டர் வரை விட்டிருக்கிறார்கள், நமக்குக் கிடையாது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்)–இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் வயதுவந்தோரில் 39.5 சதவீதம் பேருக்குத் தொப்பை. சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல்.

11 ஜனவரி 2024

கரூர் தம்பி சரியான இடத்தில் அளந்துவிட்டார். 38¼. "ரொம்ப பயமா இருக்குண்ணே" என்றிருக்கிறார். பயம் வேண்டாம் தம்பி. இன்றைக்குத்தான் உங்களுக்கு உண்மையான எண் கிடைத்திருக்கிறது. தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

14 ஜனவரி 2024

"கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால், எடை 64தான்" என்று தஞ்சாவூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். இது நம் நாட்டில் அதிகம் காணும் கட்டமைப்பு. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் உடம்பையே உதாரணமாகப் போட்டுப் படத்துடன் எழுதினார்கள். புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கு) 22.3. லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரர் உடம்பில் 21.2. அதனால் எடை மெஷினில் வருகிற எண்ணை மட்டும் நம்பாதீர்கள் சார். ஒல்லியான ஆள் சாப்பாட்டை வெட்டிக் குறைத்தால் இருக்கிற கொஞ்சம் தசையும் போய்விடும். உங்களுக்கு நடையோடு சேர்த்து, தொடைக்கும் தோளுக்கும் பளு வேலையும் வேண்டும்.

26 ஜனவரி 2024

நேற்று தைத்தெப்பம். நான் நடப்பது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான். நேற்று அங்கே நடக்க இடமில்லை. மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் தெப்பத்தில் சுற்றி வர, குடும்பத்தோடு கரையில் நின்று பார்த்தோம். இன்று காலை 5.20-க்கு மறுபடியும் நடை.

என் நடை விவரம் கேட்டவர்களுக்கு: குளத்தைச் சுற்றி ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். நான்கு சுற்று, 50 நிமிஷம், வாரத்துக்கு ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம். வேகத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. பேச முடியணும், பாட முடியக் கூடாது. நிமிஷத்துக்கு 100 காலடிக்குக் குறைந்தால் அது உலாவல். எனக்கு இப்போது 115 வருகிறது. முதல் வாரம் இரண்டு சுற்றிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே தினமும் நடக்கும் பெரியவர் ஒருவர், 70-க்கு மேல் இருக்கும், "முதல் சுற்றை மெதுவா போங்க தம்பி, உடம்பு சூடேறட்டும்" என்றார். அதற்கப்புறம் பிடிக்கவே இல்லை.

2023 தீபாவளிக்குப் பிறகு ஆரம்பித்தேன். இப்போது 38½. பத்து வாரத்தில் ஓர் இஞ்ச்.

11 பிப்ரவரி 2024

ஜனவரி 7 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும். "வயிற்றுப் பயிற்சி நேர விரயம்" என்று எழுதினேன். அது தப்பு. இரண்டு காரணம்.

ஒன்று, மகள் தேடிப் பிடித்துக் காட்டிய நார்வே ஆய்வு. 2023-ல் வந்தது. எடை கூடிய 16 ஆண்கள், பத்து வாரம். ஒரு பிரிவுக்கு டிரெட்மில் ஓட்டம் மட்டும். இன்னொரு பிரிவுக்குக் கொஞ்சம் ஓட்டம், மீதி நேரம் லேசான எடை வைத்து வயிற்றை மடக்குவதும் உடலைத் திருப்புவதும். நிறுத்தி நிறுத்தி அல்ல, ஓட்டத்தைப் போலவே நிமிஷக்கணக்கில் தொடர்ந்து. இரண்டு பிரிவுக்கும் மொத்தக் கொழுப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் இரண்டாம் பிரிவுக்கு நடுவுடம்புக் கொழுப்பு சுமார் 700 கிராம் கூடுதலாகப் போயிருக்கிறது. அதற்கு முன்பே, 2007-ல், டென்மார்க்கில் ஒன்று பார்த்திருக்கிறார்கள். வேலை செய்யும் தசைக்குப் பக்கத்துக் கொழுப்பில் ரத்த ஓட்டம் கொஞ்சம் கூடுகிறது, கொழுப்பு கரைவதும் கொஞ்சம் கூடுகிறது. ஆக "பக்கத்தில் இருக்கும் கொழுப்பைத் தசை நேராக எடுத்துத் தின்பதில்லை" என்று நான் சொன்னது அவ்வளவு கறார் இல்லை. 16 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், இதை வைத்து 100 சிட்-அப்புக்குத் திரும்ப மாட்டேன். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, லாபம் இருக்கலாம். கரூர் தம்பி கேட்ட கேள்விக்கு நேரான பதிலே அதுதான். அன்றைக்கு அவசரப்பட்டுவிட்டேன்.

இரண்டாவது காரணம் என் இடுப்புவலி. அதைத் தனியாக எழுதுகிறேன், கடையில் ஆள் காத்திருக்கிறது.

12 பிப்ரவரி 2024

இடுப்புவலி. சிட்-அப் போட்டு வந்த வலி நடையால் குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. மெஷினில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலு அடி கூன் போட்டுத்தான் நடப்பேன். மகள் சொன்னாள்: "அப்பா, வயிறு மடங்குறதுக்காக மட்டும் இல்ல. முதுகை அசையாம பிடிச்சு நிறுத்துறதும் அதோட வேலை. நீங்க மடக்கி மடக்கி முதுகைக் கெடுத்துட்டீங்க."

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மெக்கில் என்ற முதுகெலும்பு ஆய்வாளர் அளந்திருக்கிறார். ஒவ்வொரு சிட்-அப்பிலும் கீழ்முதுகில் 3,300 நியூட்டன் அளவுக்கு அழுத்தம். கிலோவில் 330-க்கு மேல். நான் தினம் நூறு முறை அதைச் செய்தேன். அதுவும் எழுந்தவுடனே. தூங்கி எழுந்ததும் முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் தட்டுகள் நீர் கோத்து உப்பியிருக்குமாம். அந்த முதல் மணி நேரத்தில் குனிந்து மடக்குவதுதான் ரொம்பக் கெடுதல். கரூர் தம்பி, "எழுந்ததும் 60 சிட்-அப்" என்று எழுதியிருந்தீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள்.

"எது முதலில்" என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நடை முதலில், வயிறு பிறகு. உடம்பும் சூடாகியிருக்கும், தட்டுகளும் படிந்திருக்கும்.

இப்போது நான் செய்வது மூன்றுதான். முழங்கையில் ஊன்றி பிளாங்க் (உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடிப்பது), 20 விநாடி வீதம் மூன்று தடவை. ஒருக்களித்து ஊன்றி இரண்டு பக்கமும் அதே மாதிரி. மண்டிபோட்டுக் கைகளை ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி எட்டு எண்ணி, மாற்றிச் செய்வது. மொத்தம் 10 நிமிஷம். மகள் என் முதுகின் மேல் இஞ்ச் டேப்பை நீளமாகப் போட்டுவிட்டு "இது சரியாம இருக்கணும்ப்பா" என்பாள். முதல் நாள் எட்டாவது விநாடியிலேயே டேப் தரையில் விழுந்தது.

குடலிறக்கம் உள்ளவர்கள், தட்டு விலகியவர்கள், வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் எதையும் தொடாதீர்கள்.

3 மார்ச் 2024

தொப்பை எப்போது வந்தது என்று யோசித்துக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விடை தெரிகிற மாதிரி இருக்கிறது. 2014 வரைக்கும் கால்மெஷின். காலையிலிருந்து ராத்திரி வரை பெடல். இடுப்பு 33. மின்வெட்டு குறைந்ததும் மோட்டார் மாட்டினேன். பாதத்தை லேசாக அழுத்தினால் போதும். ஐந்தே வருஷத்தில் 37.

இதே மாதிரி லண்டனில் ஒரு கதை இருக்கிறது. ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் மாடிப் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவார். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் என்று 1953-ல் எழுதினார். 1956-ல் இன்னொன்று செய்தார். யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்த இடுப்பளவுக் கணக்கையே எடுத்துப் பார்த்தார். எந்த வயதிலும் டிரைவரின் கால்சட்டை இடுப்பு பெரிது! இதைப் படித்ததும் என் அளவு நோட்டுகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினேன். 2003-லிருந்து இருக்கிறது. ஒரே வாடிக்கையாளரின் பக்கங்களைத் தேடித் தேடிப் புரட்டினேன். ஒரு வாத்தியார், 2005-ல் 31, 2022-ல் 38. ஒரு தபால்காரர், சைக்கிளில் போனவரை 32-லேயே நின்றவர், வண்டி வாங்கிய பிறகு 36.

5 மார்ச் 2024

மேலே எழுதியதில் மகள் ஒரு ஓட்டையைக் காட்டினாள். லண்டன் கணக்கில் இளவயசு டிரைவர்களுக்கே, வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, இடுப்பு பெரிதாக இருந்திருக்கிறது. ஆக வேலை மட்டுமே காரணம் இல்லை. ஏற்கெனவே கனமாக இருந்தவர்கள் டிரைவர் வேலைக்குப் போயிருக்கலாம். மோரிஸே அதைச் சொல்லியிருக்கிறார். என் விஷயத்திலும் அப்படித்தான். மோட்டார் மாட்டிய அதே காலத்தில்தான் ராத்திரி கடையை அடைத்துவிட்டுப் பரோட்டா சாப்பிடும் பழக்கமும் வந்தது. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் என் ஒரு மணி நேர நடையைத் தாண்டிவிடும். எல்லாப் பழியையும் மோட்டார் மேல் போட்டது சரியில்லை.

24 ஏப்ரல் 2024

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். மூன்று நாளாக மண்டகப்படியில் பானகம், புளியோதரை, தண்ணீர்ப்பந்தலில் மோர். எல்லாம் சாப்பிட்டேன். சாமி கொடுத்ததைக் கணக்குப் பார்ப்பதில்லை. "திருவிழா வந்தால் டயட் போச்சே" என்று ஒருவர் புலம்பியிருக்கிறார். வருஷத்தில் இந்த மூன்று நாளால் தொப்பை வருவதில்லை சார். மீதி 362 நாள் டீயால் வருகிறது.

டீ விஷயத்தை எழுதியே ஆகணும். கடைக்கு டீ ஒரு நாளைக்கு ஐந்து தடவை வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பத்து ஸ்பூன், 40 முதல் 50 கிராம். கிட்டத்தட்ட 160 முதல் 200 கலோரி. டீயோடு ஒரு வடை. நான் செய்தது இவ்வளவுதான்: டீயை இரண்டாக்கினேன், சர்க்கரையை அரை ஸ்பூனாக்கினேன், வடை ஞாயிற்றுக்கிழமை மட்டும். ராத்திரிப் பரோட்டாவுக்குப் பதில் வீட்டில் ஏழரைக்குள் மூன்று இட்லி, சுண்டல் ஒரு கிண்ணம். மத்தியானச் சோறு ஒரு கரண்டி குறைவு, பொரியல் இரண்டு மடங்கு, கூடவே முட்டை. முதல் பத்து நாள் நாலு மணிக்குத் தலைவலி வந்தது. பிறகு இல்லை.

இப்போது 37½.

16 ஜூன் 2024

இரண்டு மாதமாக எழுதவில்லை. பள்ளி யூனிஃபார்ம் சீசன். மே கடைசியிலிருந்து தினம் 14 மணி நேரம் மெஷின். காலை நடை நின்றுவிட்டது, ஐந்து டீயும் திரும்பி வந்துவிட்டது. பெற்றோர்கள் வாசலில் நிற்கும்போது "நான் நடக்கப் போறேன்" என்று கடையை அடைக்க முடியாது, அது என் சோறு. இன்று அளந்தேன். 38¼. முக்கால் இஞ்ச் திரும்பிவிட்டது.

ஆனால் ஒன்று. 14 மணி நேரம் உட்கார்ந்தும் இந்தத் தடவை இடுப்பு வலிக்கவில்லை. நடை நின்றாலும் அந்தப் பத்து நிமிஷப் பயிற்சியை மட்டும் விடவில்லை, கடைக்குள்ளேயே பழைய பாயை விரித்துச் செய்தேன். போன வருஷ ஜூனில் மூன்று மாத்திரைப் பட்டை தின்றிருக்கிறேன். எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது. நடையும் சாப்பாடும் டேப்பை இறக்குகிறது. வயிற்றுப் பயிற்சி முதுகைக் காப்பாற்றுகிறது. முதுகு நன்றாக இருந்தால்தான் நடக்க முடியும்.

17 ஜூன் 2024

நாளை 5.20.

21 ஜூலை 2024

"உள் கொழுப்பு, வெளிக் கொழுப்பு என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். கையால் பிடித்தால் மடிப்பாக வருவது தோலுக்குக் கீழே இருப்பது. பிடிக்க வராமல், பானை மாதிரி கெட்டியாக முன்னால் நிற்பது பெரும்பாலும் குடலைச் சுற்றி உள்ளே இருப்பது. எனக்கே டேப் வைக்கும்போது தெரியும், சில வயிற்றில் டேப் புதையும், சில வயிற்றில் மேலேயே நிற்கும். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆபத்து அதிகம் உள்ளே இருப்பதால்தான். நல்ல செய்தி, நடை ஓட்டத்துக்கு முதலில் அசைவதும் அதுதான். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் எட்டு மாதம் பார்த்தார்கள், 2011-ல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு 12 மைல் ஓட்டத்துக்கு இணையாகச் செய்தவர்களுக்கு உள் கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் நன்றாகக் குறைந்தது. பளு மட்டும் தூக்கியவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

டேப் அசையாவிட்டாலும் மனசு விடாதீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேர். தினம் அரை மணி நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் கடைப்பிடித்தவர்களுக்கு மூன்று வருஷத்தில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை! நான் நடக்க ஆரம்பித்ததே சர்க்கரைக்காகத்தான். 2023 அக்டோபரில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1. என் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால்விரல் இரண்டை எடுத்தார்கள். அவருடைய செருப்பு இன்னும் வீட்டில் இருக்கிறது. போன வாரம் எனக்கு 5.8.

18 ஆகஸ்ட் 2024

திண்டுக்கல் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: இரண்டாவது பிரசவம் முடிந்து எட்டு மாதம், எடை குறைந்துவிட்டது, வயிறு மட்டும் இன்னும் மாசமாக இருப்பது போல, சிட்-அப் போடலாமா?

போடாதேம்மா. இதற்கு என் பதில் செல்லாது, மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கர்ப்பத்தில் வயிற்றின் நடுக்கோட்டில் இரண்டு பக்கத் தசையும் விலகும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் சேராமல் நிற்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் விரலை வைத்துப் பார்க்கணும். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கணும். அது கொழுப்பே இல்லை, நடந்தாலும் பட்டினி கிடந்தாலும் போகாது. சிட்-அப் போட்டால் நடுவில் கூம்பாகப் புடைத்து இன்னும் மோசமாகலாம். மூச்சோடு சேர்த்து உள்தசையை இறுக்கும் பயிற்சியில் ஆரம்பிப்பார்கள். "சாப்பாட்டைக் குறை" என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதே, பால் கொடுக்கிற உடம்பு.

22 செப்டம்பர் 2024

வியர்வை பெல்ட் பற்றி. நானும் ஒன்று வாங்கினேன், 2022-ல், 900 ரூபாய். கட்டிக்கொண்டு நடந்தால் சொட்டச் சொட்ட வியர்க்கும், அரை இஞ்ச் குறையும், மத்தியானம் தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். போனது தண்ணீர்தான். 10 கிலோ கொழுப்பு உடம்பை விட்டுப் போகும்போது 8.4 கிலோ மூச்சுக்காற்றில் கரியமில வாயுவாகப் போகிறது, 1.6 கிலோதான் தண்ணீராகப் போகிறது. 2014-ல் ஆஸ்திரேலியாவில் கணக்குப் போட்டு எழுதினார்கள். வியர்வையைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். மின்சாரம் விட்டு வயிற்றை உதற வைக்கும் பெல்ட்டும் அப்படித்தான். 2002-லேயே அமெரிக்க வணிக ஆணையம் அந்த மாதிரி மூன்று பெல்ட் கம்பெனிகள் மேல் பொய் விளம்பரத்துக்காக வழக்குப் போட்டது.

6 அக்டோபர் 2024

தீபாவளிக்கு 25 நாள். ஜூனில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது. இந்தத் தடவை ஏற்பாடு: நடை 50 நிமிஷம் முடியாது, 25 நிமிஷம். ஆனால் மூன்று நிமிஷம் பலத்த வேகம், மூன்று நிமிஷம் மெதுவாக, மாற்றி மாற்றி. ஜப்பானில் மட்சுமோட்டோவில் வயசானவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்துத் தொடை பலமும் மூச்சும் கூடியதைக் காட்டியிருக்கிறார்கள். மத்தியானம் டீக்குப் பதில் கடைக்குள்ளேயே பாய்ப் பயிற்சி. பையனும் கூடச் சேர்ந்துவிட்டான், 19 வயசு, பிளாங்க் இரண்டு நிமிஷம் நிற்கிறான்.

10 நவம்பர் 2024

தீபாவளி முடிந்தது. 36½. ஏறவில்லை. அதிரசம் எத்தனை என்று கேட்காதீர்கள்.

24 நவம்பர் 2024

36¼. எடை 74-லிருந்து 68½. 90 சென்டிமீட்டருக்கு இன்னும் முக்கால் இஞ்ச்சுக்கு மேல் பாக்கி.

கரூர் தம்பியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. நாலு பேண்ட், உள்ளே ஒரு சீட்டு: "அண்ணே, வயித்துல 38¼-லிருந்து 35¾. பெல்ட்ல 34-லிருந்து 32½. எல்லாம் தொளதொளன்னு நிக்குது, பிடிச்சுக் குடுங்க." இன்று காலை பின்தையலைப் பிரித்து, பட்டியில் ஒன்றரை இஞ்ச் பிடித்து, சீட் வரை சரித்துக்கொண்டு வந்து முடித்திருக்கிறேன். செவ்வாய் அனுப்புகிறேன். தம்பி, இதற்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பேண்ட் கெட்டுவிடும். இன்னும் இறங்கினால் இதில் கை வைக்க வேண்டாம், துணி எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். காலையில் வந்தால் முதலில் தெப்பக்குளம் நாலு சுற்று, அப்புறம் அளவு.